பொறுப்புத் தலைமையாசிரியர்

சென்ற மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் எங்கள் தெருப் பெண் ஒருத்தி கையில் பிளாஸ்டிக் ஃபைலோடு வந்து நின்றாள். குரூப் 4 எழுதித் தேறியிருக்கிறாள். அப்பா லாரி ஓட்டுகிறார். வீட்டில் பேசுவது தெலுங்கு. படித்தது முதல் வகுப்பிலிருந்து தமிழ்வழி. அரசு வேலையில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கு 20 சதவீதம் ஒதுக்கீடு உண்டு. 2010-இல் வந்த சட்டம் அது. அதைப் பெற, எந்தெந்தப் பள்ளியில் படித்தோமோ அந்தந்தப் பள்ளித் தலைமையாசிரியர் சான்று தர வேண்டும். தொடக்கப் பள்ளிச் சான்று ஒரே நாளில் கைக்கு வந்துவிட்டது. ஆறு முதல் பத்து வரை படித்த உயர்நிலைப் பள்ளிக்கு மட்டும் மூன்று முறை போய் வெறுங்கையோடு திரும்பியிருக்கிறாள்.

"ஹெச்.எம். போஸ்ட்டுக்கு ஆள் இல்லையாம் தாத்தா. பொறுப்பு சார் மீட்டிங் போயிருக்கார்னு சொல்றாங்க. வெள்ளிக்கிழமைதான் கடைசி நாள்."

எந்தப் பள்ளி என்று இங்கே எழுதப் போவதில்லை. எங்கள் கே.ஜி.கண்டிகையைச் சுற்றியுள்ள ஊர்களில் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பெண் என்னிடம் வந்ததற்குக் காரணம், நான் 33 வருஷம் பள்ளி அலுவலகத்தில் குப்பை கொட்டியவன் என்பது தெருவுக்கே தெரியும் என்பதுதான். 1983-இல் இளநிலை உதவியாளராகச் சேர்ந்தேன். அப்போது இது செங்கல்பட்டு மாவட்டம். 2016-இல் ஓய்வு பெற்றேன். 5 பள்ளிகள், 17 தலைமையாசிரியர்கள். பொறுப்பு பார்த்தவர்களை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. சேர்த்தால் எண்ணிக்கை இன்னும் பத்தாவது கூடும்.

இந்த வலைப்பூவில் இதுவரை கோயில், ரயில், சாப்பாடு என்றே எழுதிவந்தேன். பள்ளி நிர்வாகத்தைப் பற்றி எழுதச் சொல்லி ஒன்றிரண்டு நண்பர்கள் கேட்டபோதும் தட்டிக்கழித்தேன். உத்தியோகத்தில் இருந்தபோது வாயைத் திறக்காதவன், பென்ஷன் வாங்கிக்கொண்டு வாய் கிழியப் பேசுவது எனக்கே பிடிக்காது. ஆனாலும் அந்த ஃபைலைப் பார்த்த பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை.

முதலில் 'பொறுப்பு' என்றால் என்னவென்று வெளியாட்களுக்குச் சொல்லிவிடுகிறேன். தலைமையாசிரியர் ஓய்வு பெறுகிறார் அல்லது மாறுதலாகிப் போகிறார். புதியவர் வரவில்லை. அந்தப் பள்ளியில் சீனியராக இருக்கும் ஆசிரியரிடம் சாவியைக் கொடுத்து, நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள் என்கிறார்கள். அவர் அறிவியல் ஆசிரியராக இருந்தால், அறிவியல் வகுப்பும் அவர்தான், தலைமையாசிரியரும் அவர்தான். ஊதியம் பெற்று வழங்கும் அதிகாரத்துக்குத் தனி உத்தரவு வர வேண்டும். அது வரும்வரை பக்கத்துப் பள்ளித் தலைமையாசிரியரிடம் ஓட வேண்டும். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மின்னோட்டம் நடத்திக்கொண்டிருக்கும்போதே போன் வரும், இன்று மாலைக்குள் இந்தப் படிவத்தை ஏற்று என்று. ஒரு நாள் திருவள்ளூரில் மீட்டிங், இன்னொரு நாள் பயிற்சி, அடுத்த நாள் கருவூலம். மாதத்தில் பாதி நாள் அந்த வகுப்புக்கு ஆசிரியர் இல்லை, பாதி நாள் பள்ளிக்குத் தலைமை இல்லை.

இதெல்லாம் வேலைப்பளு. வேலைப்பளுவை மனிதன் எப்படியாவது சமாளித்துவிடுவான். நான் பார்த்த பெரிய சங்கடம் வேறு. பொறுப்பு பார்ப்பவர் நாளைக்கே திரும்ப ஸ்டாஃப் ரூமுக்குப் போக வேண்டியவர். பக்கத்து நாற்காலிக்காரர் பத்தே காலுக்கு வந்து ஒன்பது மணி என்று கையெழுத்துப் போட்டால் இவரால் தட்டிக்கேட்க முடியாது. கேட்டால், "நீ என்னப்பா, மூணு மாசத்துக்கு ஹெச்.எம். ஆயிட்டா தலைகால் புரியலையா?" என்பார்கள். இதை என் காதால் கேட்டிருக்கிறேன். கேட்டவர் அதற்குப் பிறகு வருகைப் பதிவேட்டை என் மேஜையிலேயே விட்டுவிட்டார், தன் மேஜைக்குக் கொண்டுபோகவேயில்லை. எட்டு மாதம் அந்தப் பள்ளி அப்படியே ஓடியது. யாரும் கெட்டவர்கள் இல்லை. மணி அடித்தது, வகுப்பு நடந்தது, சத்துணவு போட்டார்கள். ஆனால் முடிவு எடுக்க வேண்டிய காரியம் எதுவும் நடக்கவில்லை. உடைந்த குழாய் உடைந்தபடியே கிடந்தது. 'புது ஹெச்.எம். வந்து பார்த்துக்கட்டும்' என்பதே எல்லாக் கேள்விக்கும் பதில்.

பதினேழு பேரில் ஒருவரைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகச் சொல்ல வேண்டும். பெயர் வேண்டாம். அவருக்கே பிடிக்காது. எங்கள் பள்ளியில் ஆறு வருஷம் இருந்தார். என் சர்வீஸில் ஒரே நாற்காலியில் ஆறு வருஷம் இருந்த ஒரே ஆள் அவர்தான். மேடைப் பேச்சு வராது. ஆண்டு விழாவில் மூன்று நிமிஷத்துக்கு மேல் பேசமாட்டார். முன்கோபி. சாக்பீஸ் பெட்டியை எண்ணிக் கொடுப்பார். தற்செயல் விடுப்பு விண்ணப்பத்தை நீட்டினால் முகத்தையும் விண்ணப்பத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுத்தான் பேனாவை எடுப்பார். ஆசிரியர்களுக்கு அவர்மேல் பிரியம் இருந்தது என்று சொன்னால் பொய்.

முதல் வருஷம் அவர் உருப்படியாக ஒன்றும் செய்யவில்லை, பார்த்துக்கொண்டிருந்தார் என்றுதான் சொல்ல வேண்டும். காலையில் கேட் அருகே நிற்பார். தினமும் நாற்பது பிள்ளைகள் தாமதமாக வருவதையும், அவர்களை பி.டி. மாஸ்டர் வெளியே நிறுத்தி வைப்பதையும் பார்த்தார். ஒரு மாதம் கழித்து என்னைக் கூப்பிட்டு, அந்த நாற்பது பேரும் எந்தெந்த ஊர் என்று சேர்க்கைப் பதிவேட்டைப் பார்த்து எழுதச் சொன்னார். எழுதினேன். முக்கால்வாசிப் பேர் ஒரே பக்கத்து மூன்று கிராமங்கள். அந்தப் பக்கம் வருவது ஒரே டவுன் பஸ். அது பள்ளி வாசலுக்கு வருவதே ஒன்பது இருபத்தைந்துக்கு. வருஷக்கணக்காக அந்தப் பிள்ளைகளை வெயிலில் நிறுத்தியிருக்கிறோம், தாமதம் பஸ்ஸுடையது என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை. டெப்போவுக்கு ஐந்து கடிதம் எழுதினார். ஐந்தையும் டைப் அடித்தவன் நான். நான்குக்குப் பதில் இல்லை. ஐந்தாவதை நேரில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, மேனேஜர் அறையில் மத்தியானம் வரை உட்கார்ந்திருந்தார். பஸ் அரை மணி முன்னால் வர ஆரம்பித்தது அவருடைய இரண்டாவது வருஷத்தில்.

பெண் பிள்ளைகளின் கழிப்பறைச் சாவி ஸ்டாஃப் ரூமில் ஆணியில் தொங்கும். ஒன்பதாம் வகுப்புப் பெண் பிள்ளை, ஆண் ஆசிரியர்கள் உட்கார்ந்திருக்கும் அறைக்குள் வந்து சாவி கேட்க வேண்டும். கேட்பாளா? அந்தச் சாவியை எடுத்துப் பெண்கள் வகுப்புத் தலைவியிடம் கொடுத்தார். அரை நிமிஷ வேலை. அதைக் கண்டுபிடிக்க அவருக்கு ஒன்றரை வருஷம் ஆயிற்று. ஒரு டீச்சரம்மா சொல்லித்தான் தெரிந்தது. அந்த அம்மாவும் ஒன்றரை வருஷம் அவரைப் பார்த்து, இவரிடம் சொல்லலாம் என்று நம்பிக்கை வந்த பிறகே சொன்னார்.

மூன்று நாள் தொடர்ந்து வராத பிள்ளைகளின் பெயர்ப் பட்டியல் தினமும் அவர் மேஜைக்குப் போக வேண்டும். சனிக்கிழமைகளில் டி.வி.எஸ். 50-ஐ எடுத்துக்கொண்டு கிளம்புவார். எங்கள் பக்கம் பள்ளிப்பட்டு, பொதட்டூர்பேட்டை வட்டாரம் முழுக்க விசைத்தறி. எட்டாவது படிக்கிற பையன் தார் சுற்றக் கற்றுக்கொண்டுவிட்டால் அவனை அங்கிருந்து இழுத்துவருவது லேசுப்பட்ட காரியம் இல்லை. இன்னொரு பக்கம் செங்கல் சூளை. வீட்டில் தெலுங்கு பேசுகிற பிள்ளைகள் வேறு. திருத்தணி 1960 ஏப்ரல் 1-ஆம் தேதிதான் சித்தூர் மாவட்டத்திலிருந்து பிரிந்து சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. எல்லை மாறினாலும் அடுப்பங்கரைப் பேச்சு மாறவில்லை. அவருக்குத் தெலுங்கு அரைகுறை. தாய்மார்களிடம் தப்புத் தப்பாகத் தெலுங்கு பேசுவார், அவர்கள் சிரிப்பார்கள். சிரித்துவிட்டால் பையன் திங்கட்கிழமை வந்துவிடுவான். எல்லோரும் வந்துவிடவில்லை. பத்தில் மூன்று நான்கு பேர் வந்தார்கள். அந்தக் கணக்கையும் ஒரு நோட்டில் எழுதிவைத்திருந்தார்.

இதில் எதுவுமே பிரமாதமான யோசனை இல்லை. பி.எட். புத்தகத்தில் தேட வேண்டியதும் இல்லை. ஒரு ஆள் ஓர் இடத்தில் போதுமான காலம் இருந்தால் கண்ணில் படுகிற விஷயங்கள்தான். அவருக்கு முன்னால் இருந்தவர் அவரைவிடப் படித்தவர், இரட்டை எம்.ஏ., வாயைத் திறந்தால் அருவி. ஏழு மாதம் இருந்தார். ஏழு மாதத்தில் அவருக்கு எந்தப் பீரோவில் எந்தப் பதிவேடு இருக்கிறது என்று நான் காட்டி முடிக்கவே நேரம் சரியாக இருந்தது.

என் கட்சி இதுதான். ஒரு சிற்றூர் அரசு உயர்நிலைப் பள்ளிக்குத் தலைமையாசிரியர் எவ்வளவு கெட்டிக்காரர் என்பதைவிட, அவர் எத்தனை வருஷம் இருப்பார் என்பதே முக்கியம். நம்முடைய ஏற்பாட்டில் அதுதான் யாருடைய கணக்கிலும் இல்லை.

ஏன் இல்லை என்பதற்கு வருகிறேன். தலைமையாசிரியர் பதவி முதுநிலைப்படி வருகிறது. இருபத்தைந்து, முப்பது வருஷம் வகுப்பெடுத்த பிறகு பட்டியலில் பெயர் மேலே வரும். வரும்போது வயது ஐம்பத்தைந்து, ஐம்பத்தாறு. என் காலத்தில் ஓய்வு 58. 2020-இல் 59 ஆக்கினார்கள், அடுத்த வருஷமே 60. பதவி உயர்வு கிடைத்ததும் முதலில் போடுகிற இடம் வீட்டிலிருந்து இரண்டு பஸ் மாறிப் போகிற ஊராக இருக்கும். சேர்ந்த நாளிலிருந்து அடுத்த மாறுதல் கலந்தாய்வு எப்போது என்று பார்த்துக்கொண்டிருப்பார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. சர்க்கரை வியாதியும் முழங்கால் வலியுமாக இருக்கிற மனிதர் வீட்டுக்கு அருகே போக நினைப்பதில் என்ன தப்பு? ஒருவர் எங்களிடம் வந்து சேர்ந்தபோது ஓய்வுக்குப் பதினோரு மாதம் இருந்தது. அவர் காலத்தில் நான் செய்த முக்கியமான வேலை, அவருடைய பென்ஷன் பேப்பர்களைத் தயார் செய்ததுதான்.

முதுநிலையே கூடாது, தேர்வு வைத்து இளைஞர்களைப் போடுங்கள் என்று பலர் சொல்கிறார்கள். கேந்திரிய வித்யாலயாவில் தேர்வு எழுதி முதல்வராக வருகிறவர்கள் உண்டு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அலுவலகத்தில் முப்பது வருஷம் இருந்தவனுக்கு ஒரு பயம். முதுநிலைப் பட்டியல் மந்தமானது, ஆனால் சுத்தமானது. அதில் யார் கடிதமும் செல்லாது, யார் பையும் செல்லாது. நேர்காணல் என்று ஒன்று வந்தால் சிபாரிசுக்கு வாசல் திறந்துவிடும். ஆசிரியர் சங்கங்கள் இதைச் சொன்னால் சுயநலம் என்று ஒதுக்கிவிடுகிறோம். நான் ஒதுக்கமாட்டேன். முப்பது வருஷம் சாக்பீஸ் தூள் தின்றவர் கடைசியில் ஹெச்.எம். என்று ஓய்வு பெற ஆசைப்படுவதும் நியாயம். எனக்குத் தோன்றுவது, அந்தப் பதவியின் சம்பளத்தையும் அந்தஸ்தையும் சீனியர்களுக்குத் தாராளமாகக் கொடுத்துவிட்டு, பள்ளியை நடத்துகிற நாற்காலியை மட்டும் ஓய்வுக்குக் குறைந்தது நான்கு வருஷம் இருப்பவருக்குத் தரலாம் என்பதுதான். பட்டியலில் மேலிருந்து கீழே வந்து, நான்கு வருஷம் பாக்கி உள்ள முதல் ஆள். சிபாரிசுக்கு இடமில்லை. சேர்ந்த பிறகு நான்கு வருஷத்துக்கு அவருக்கும் மாறுதல் இல்லை. இதில் ஓட்டை இருக்கலாம். இருந்தால் சொல்லுங்கள், பேசலாம்.

இன்னொன்று எனக்குப் புரியவே புரியாதது. ஒரு மனிதர் என்றைக்கு ஓய்வு பெறுவார் என்பது அவர் வேலையில் சேர்ந்த அன்றே பணிப்பதிவேட்டின் முதல் பக்கத்தில் பிறந்த தேதியாக எழுதப்பட்டுவிடுகிறது. அது திடீர் மரணம் இல்லை. முப்பது வருஷம் முன்பே தெரிந்த தேதி. அப்படியிருக்க அவர் போன மறுநாள் அந்த நாற்காலி ஏன் காலியாகிறது? பதவி உயர்வுக்கு வழக்கு, தடை என்பார்கள். உண்மைதான். உச்ச நீதிமன்றம் 2025 செப்டம்பர் 1-இல் ஆசிரியர் பதவி உயர்வுக்குத் தகுதித் தேர்வு வேண்டும் என்று சொன்ன பிறகு குழப்பம் கூடியிருக்கிறதே தவிரக் குறையவில்லை. ஆனால் எந்த வழக்கும் இல்லாத காலத்திலேயே ஆறு மாதம், எட்டு மாதம் காலியாக இருந்த நாற்காலிகளை நான் துடைத்துவைத்திருக்கிறேன். கல்வி உரிமைச் சட்டம் எந்தப் பள்ளியிலும் ஆசிரியர் காலியிடம் 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்கிறது. தலைமையாசிரியர் இடம் பள்ளிக்கு ஒன்றே ஒன்று. அது காலியானால் எத்தனை சதவீதம் என்று கணக்கு வாத்தியார்கள்தான் சொல்ல வேண்டும்.

சரி, நாற்காலியில் ஆள் இருக்கிறார் என்றே வைத்துக்கொள்வோம். அவர் கையில் என்ன இருக்கிறது? 2018 ஜூன் மாதம் பள்ளிப்பட்டு அருகே வெளியகரம் அரசு உயர்நிலைப் பள்ளியில் நடந்தது பலருக்கு நினைவிருக்கும். ஆங்கில ஆசிரியர் பகவானுக்கு மாறுதல் உத்தரவு வந்ததும் பிள்ளைகள் அவரைக் கட்டிப்பிடித்து அழுத படம் நாடு முழுக்கப் போயிற்று. டி.வி.க்காரர்கள் வந்தார்கள், சினிமாக்காரர்கள் எழுதினார்கள். எல்லோரும் அந்த இளைஞரைப் பாராட்டினார்கள். பாராட்ட வேண்டியவர்தான். நான் அந்தச் செய்தியைப் பேப்பரில் படித்தபோது என் கண் போனது வேறு இடத்துக்கு. அவரை அனுப்பியது தண்டனையும் இல்லை, அவர் கேட்டதும் இல்லை. பணியாளர் நிர்ணயம். ஒவ்வொரு வருஷமும் ஆகஸ்ட் 1-ஆம் தேதிக் கணக்குப்படி மாணவர் எண்ணிக்கையை எடுத்து, இத்தனை பிள்ளைகளுக்கு இத்தனை ஆசிரியர் என்று வகுத்து, மிச்சம் இருப்பவரை உபரி என்று காட்டுவார்கள். பாடத்தில் இளையவர் யாரோ அவர் போக வேண்டும். அவரைத் திருத்தணிப் பக்கம் அருங்குளத்துக்குப் போகச் சொன்னார்கள்.

இந்தப் படிவத்தை எத்தனையோ வருஷம் நிரப்பியவன் நான். அதில் வகுப்புவாரியாக எண்ணிக்கை கேட்பார்கள், பிரிவு கேட்பார்கள், இனம் கேட்பார்கள். 'இந்த ஆசிரியர் போனால் பள்ளிக்கு என்ன ஆகும்?' என்று தலைமையாசிரியரைக் கேட்கும் கட்டம் அதில் இல்லை. ஒரு வரி கூட இல்லை. வெளியகரத்தில் பிள்ளைகள் அழுததால், பெற்றோர் திரண்டதால் மாறுதலைப் பத்து நாள் நிறுத்திவைத்தார்கள். பிள்ளைகளின் கண்ணீருக்குக் கிடைத்த மரியாதை அந்தப் பள்ளித் தலைமையாசிரியரின் கையெழுத்துக்குக் கிடைத்திருக்காது.

ஆசிரியரைத் தேர்ந்தெடுக்க முடியாது, வைத்துக்கொள்ள முடியாது, தப்பு செய்தால் மேலே எழுதலாமே தவிர நடவடிக்கை எடுக்க முடியாது. ஆனால் தேர்ச்சி விகிதம் குறைந்தால் மீட்டிங்கில் எழுந்து நிற்க வேண்டியவர் அவர். ஃபைல் தூக்கிக்கொண்டு அந்த மீட்டிங்குகளுக்குப் போயிருக்கிறேன். ஐம்பத்தேழு வயது மனிதர்களைப் பெயர் சொல்லி எழுப்பி நிற்கவைப்பதைப் பின்வரிசையில் இருந்து பார்த்திருக்கிறேன். அப்படி நின்று வந்த ஒருவர் மறுநாள் என்னைக் கூப்பிட்டு ஒன்பதாம் வகுப்பு மார்க் ரிஜிஸ்டரைக் கொண்டுவரச் சொன்னார்.

இதை எழுத எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. ஆனாலும் எழுதுகிறேன். அந்த ரிஜிஸ்டரில் பன்னிரண்டு பேரைக் குறித்தார். ஒவ்வொரு பெற்றோராக வரவழைத்து, உங்கள் பையனுக்குப் படிப்பு வரவில்லை, பத்தாவதில் ஃபெயில் ஆனால் அசிங்கம், இப்போதே டி.சி. வாங்கிக்கொண்டு ஐ.டி.ஐ., டுடோரியல் என்று ஏதாவது பாருங்கள் என்று பக்குவமாகப் பேசினார். ஒன்பது பேர் வாங்கிக்கொண்டார்கள். கட்டாயப்படுத்தியதாக எங்கும் பதிவு இல்லை. 'பெற்றோர் விருப்பத்தின் பேரில்' என்று போடப்பட்டிருக்கிறது. அந்தக் கையெழுத்து என்னுடையது. அடுத்த வருஷம் எங்கள் தேர்ச்சி விகிதம் ஏறியது, பாராட்டுக் கடிதம் வந்தது, அதை ஃபிரேம் போட்டு அறையில் மாட்டினோம். அந்த ஒன்பது பேரில் ஒருவன் இப்போது திருத்தணி பஸ் ஸ்டாண்டில் பூ வியாபாரம் செய்கிறான். ஆடிக் கிருத்திகை சமயத்தில் நல்ல வியாபாரம். என்னைப் பார்த்தால், "வாங்க சார்" என்று எழுந்து நிற்பான். பூவுக்குக் காசு வாங்கமாட்டான். நான் அந்தப் பக்கம் போவதைக் குறைத்துக்கொண்டேன்.

ஆறு வருஷம் இருந்தவர் இதைச் செய்யவில்லை. அவரையும் மீட்டிங்கில் நிற்கவைத்தார்கள், இரண்டு வருஷம். மூன்றாம் வருஷம் விகிதம் தானாக ஏறியது. பஸ் சீக்கிரம் வந்தது ஒரு காரணம் என்று நான் நினைக்கிறேன், நிரூபிக்க முடியாது. ஒரு வருஷம் மட்டும் இருக்கப் போகிறவரால் இரண்டு வருஷம் எழுந்து நிற்க முடியாது. அவருக்கு இந்த வருஷ எண் இந்த வருஷமே வேண்டும்.

ஊரார் பங்கைப் பற்றியும் சொல்ல வேண்டும். இங்கிருந்து ரயிலேறினால் அரக்கோணம் தாண்டி வருகிற கடம்பத்தூரில்தான், காமராஜர் முதல்வராக இருந்தபோது, 1958-இல் பள்ளிச் சீரமைப்பு இயக்கத்தின் முதல் மாநாடு நடந்தது. கல்வி இயக்குநராக இருந்த நெ.து.சுந்தரவடிவேலு முன்னின்று நடத்திய காரியம். ஊர் மக்கள் தங்கள் பள்ளிக்குப் பெஞ்சு, கடிகாரம், தேசப்படம், தண்ணீர்ப் பானை, சுண்ணாம்பு என்று அவரவரால் முடிந்ததைத் தந்தார்கள். பிறகு மாகாணம் முழுக்கப் பரவியது. அந்தக் கால வாத்தியார்கள் ஊரிலேயே குடியிருந்தார்கள் என்பதை இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் விட்டுவிடுகிறார்கள். மணியக்காரர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேசிப் பழகியவர் கேட்டால் பானை வரும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாறும் ஆள் கேட்டால் யார் தருவார்கள்?

இப்போது பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது. முக்கால் பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள், தலைமையும் பெற்றோரில் ஒருவருக்கே. சட்டத்தில் இருப்பதை 2022-இல் ஊர்தோறும் கூட்டம் போட்டுப் புதிதாக அமைத்தார்கள். என் மருமகள் கூட ஒரு தடவை போய் வந்தாள். நல்ல ஏற்பாடுதான். ஆனால் எனக்குப் பழைய ஞாபகம் வருகிறது. எங்கள் காலத்தில் பெற்றோர் ஆசிரியர் கழகம். கூட்டம் நடந்ததாகத் தீர்மானப் புத்தகத்தில் எழுத வேண்டும். நடக்காத கூட்டங்களுக்கு நான் தீர்மானம் எழுதியிருக்கிறேன். முன்மொழிந்தவர் பெயர், வழிமொழிந்தவர் பெயர், தேநீர்ச் செலவு உட்பட. பிறகு வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்குவோம். பெற்றோர் யாரும் படித்துப் பார்க்கவில்லை. நாங்களும் படித்துக் காட்டவில்லை. குழுவுக்குப் புதுப்பெயர் வைத்தாலும் அதைக் கூட்டி உட்காரவைத்து, போன மாதத் தீர்மானம் என்ன ஆயிற்று என்று சொல்ல வேண்டியவர் தலைமையாசிரியர். அவரே போன மாதம் வேறு பள்ளியில் இருந்தார் என்றால் என்ன சொல்வார்?

அலுவலகப் பணியிடத்தைப் பற்றி ஒரு வார்த்தை. இளநிலை உதவியாளர் இல்லாத உயர்நிலைப் பள்ளிகள் நிறைய. இதை நான் சொன்னால் என் இனத்துக்காகப் பேசுகிறேன் என்பார்கள். பேசுகிறேன்தான். ஒரு குமாஸ்தாவின் சம்பளத்தை மிச்சம் பிடித்து, அந்த வேலையைக் கணக்கு வாத்தியார் தலையில் கட்டுகிறோம்.

செப்டம்பர் 5 வந்தால் திருத்தணி அமர்க்களப்படும். ராதாகிருஷ்ணன் பிறந்த ஊர் அல்லவா. அவர் பெயரில் மாநில நல்லாசிரியர் விருதும் தருகிறார்கள். வீட்டில் தெலுங்கு பேசிய, இந்த ஊர்த் திண்ணையிலிருந்து படிக்கப் போன பையன் அவர். அவரைப் போன்ற ஒருத்திதான் பிளாஸ்டிக் ஃபைலோடு என் வாசலில் நின்றாள் என்று எனக்குப் பட்டது. மறுநாள் புதன்கிழமை அவளையும் கூட்டிக்கொண்டு அந்தப் பள்ளிக்குப் போனேன். சார் இல்லை. பழைய சேர்க்கைப் பதிவேடு இருக்கும் பீரோவின் சாவியும் இல்லை, அவர் பையில் இருக்கிறதாம். சத்துணவு ஆயா எனக்கு நாற்காலி போட்டு மோர் கொடுத்தார். அந்த அறையில் தலைமையாசிரியர்கள் பெயர்ப்பலகை இருந்தது. மரத்தில் எழுதிய, சேர்ந்த நாள், விட்ட நாள் போட்ட பலகை. எண்ணிப் பார்த்தேன். கடைசிப் பத்து வருஷத்தில் ஏழு பெயர். எழுதியவர் இடம் போதாமல் கடைசி இரண்டு பெயரைச் சின்ன எழுத்தில் நெருக்கி எழுதியிருந்தார்.

வியாழக்கிழமை மத்தியானம் சார் கிடைத்தார். நாற்பத்தொன்பது வயது இருக்கும், சமூக அறிவியல் ஆசிரியர். கண்ணில் தூக்கமில்லை. பதிவேட்டை எடுத்தோம், அவள் பெயர் இருந்தது, பயிற்று மொழி தமிழ் என்று இருந்தது. கையெழுத்துப் போடப் போகும் நேரத்தில் போன் வந்தது, உடனே கிளம்ப வேண்டும். சான்றின் படிவம் சரியாகப் பூர்த்தி ஆகவில்லை, நான் திருத்தி எழுத வேண்டும். "ராத்திரி வீட்டுக்கு வந்துடுங்க சார், தப்பா நினைச்சுக்காதீங்க" என்றார். எட்டரை மணிக்குப் போனோம். சாப்பாட்டுப் பையில் டிபன் பாக்ஸுக்குப் பக்கத்தில் துணியில் சுற்றிய பள்ளி முத்திரை. பெஞ்சு மேல் வைத்து, மையில் தோய்த்து, கோணாமல் பார்த்துக் குத்தினார். அவள் ஊதி ஊதிக் காயவைத்தாள்.

கிளம்பும்போது அவர் என்னை வாசல் வரை வந்து வழியனுப்பினார். தயங்கித் தயங்கிக் கேட்டார். முந்தைய ஹெச்.எம். ஓய்வு பெற்றதிலிருந்து ரொக்கப் பதிவேடு எழுதவில்லையாம், எங்கே தொடங்குவது என்று தெரியவில்லையாம், தணிக்கை வரப் போகிறதாம். நான் வந்து ஒருநாள் பார்க்க முடியுமா?

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். வவுச்சர்களைத் தேதிவாரியாக அடுக்கி வைக்கச் சொன்னேன். கண்ணாடியைத் துடைத்துப் பையில் வைத்தாயிற்று.